பின்னர் என்றால் எத்தனை மணி?

ஆடி மாதம், சனிக்கிழமை மாலை. கடையில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவின் மகள் செல்வி வந்து வாசலிலேயே நின்றாள். ஒரு கையில் போட்டோ, மறு கையில் நாலாக மடித்த நோட்டுத் தாள். "வெளியிலயே நின்னா எப்படி? உள்ள வாம்மா" என்றேன். வரவில்லை.

"அம்மா பூட்டாங்க மாமா. மத்தியானம் தம்பிகிட்ட போன்ல பேசிக்கினே இருந்தாங்க, அப்டியே சாஞ்சுட்டாங்க. போஸ்டர் அடிக்கணும்."

எழுந்து நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திரும்பிப் பார்த்தேன். பத்திரிகை மடிக்கும் மேசையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்னியம்மா வைத்துவிட்டுப் போன ஸ்டீல் ஸ்கேலும் பசைக் கிண்ணமும் அப்படியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை திருவிழா என்று சனிக்கிழமைக்கு லீவு சொல்லியிருந்தார். "திங்கக்கெழம காலைல வந்து மிச்சத்த மடிச்சிடறேன் ண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அச்சகத்துக்கு வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும் காதுகுத்து அழைப்பையும் கருமாதிக் கார்டையும் மடித்துக் கொடுத்தவர் அவர்தான். இருபத்திரண்டு வருடம். 'அவர்' என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. உயிரோடு இருந்தவரை 'வாம்மா, போம்மா, என்னம்மா லேட்டு' என்றுதானே பேசினேன். இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார். "இன்னா ண்ணா, செத்தாத்தான் மருவாதியா?" என்று கேட்டிருப்பார். ஆமாம் கன்னியம்மா, நம் ஊர் லட்சணம் அப்படி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செல்வி கொடுத்த தாளைப் பிரித்தேன். பெயர், வயது, துயரத்துடன் இருக்கும் குடும்பத்தார் பெயர்கள். கடைசி வரி: 'இறுதி ஊர்வலம் நாளை காலை சரியாக 11.00 மணி.' 'சரியாக' என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் நேரம் என்றால் ஆலைச் சங்குதான். காலைச் சங்குக்கு அப்பா சைக்கிளில் ஏறுவார். மதியச் சங்குக்கு அம்மா தட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது. அன்றைக்கு அப்பாவுக்குப் பசிக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாது. "சாப்பிடலாமா?" என்று அம்மாவைத்தான் கேட்பார். பக்கத்து வீட்டு மதுரைக்காரரும் எதிர்வீட்டுத் தஞ்சாவூர்க்காரரும் அப்படித்தான். ஊர் வேறு, சமையல் வேறு, சங்கு ஒன்று. "நேரத்துக்கு வராதவன் என்னத்துக்குல ஆவான்?" என்று அப்பா கேட்பார். அதையே பிடித்துக்கொண்டு நானும் கடைச் சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். அதில் எனக்குப் பெரிய பெருமை வேறு.

கன்னியம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒன்பதரைக்கு வந்தார். வரச் சொன்னது ஒன்பதுக்கு. "மணி என்னம்மா?" என்றேன். "தண்ணி லாரி வந்திச்சி. புடிச்சி வெச்சிட்டு ஓடியாறேன்" என்றார். "நான் கேட்டது மணி." "அதத்தான் ண்ணா சொன்னேன்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்க ஆளுங்களுக்கு நேரம்னா என்னன்னே தெரியாது" என்று கத்தினேன். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் பையை ஆணியில் மாட்டினார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "நேரம் தெரியும் ண்ணா. எங்க நேரம் எங்க கையில இல்ல, அவ்ளோதான். அது லாரிக்காரன் கையில கீது" என்று சொல்லிவிட்டு மேசையில் போய் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது நான் எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, நேரத்தை அவரைப் போலக் கணித்தவர் எனக்குத் தெரிந்து யாரும் கிடையாது. "இந்த நோட்டீசு எப்பம்மா முடியும்?" என்று கேட்டால், "ரெண்டு டீ" என்பார். டீக்கடைக்காரர் ஒரு தடவை வந்து போவதற்கும் அடுத்த தடவை வருவதற்கும் இடையில் இருப்பது ஒரு டீ. "கல்யாணப் பத்திரிகை மூணு டீ ஆவும், கவர் ஒட்டணும்ல." வாடிக்கையாளர்கள் விழிப்பார்கள். நான் மொழிபெயர்ப்பேன். ஒருநாள்கூட அவர் கணக்கு தவறியதில்லை. கடிகாரத்தைப் பார்த்து "நாலு மணிக்குத் தந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அசடு வழிந்தது எல்லாம் நான்தான். ரயில் சத்தத்தை வைத்தே மணி சொல்வார். "அரக்கோணம் பாஸ்ட்டு போயிடுச்சி, நீ இன்னும் சாப்புடலியா?" என்று என்னை விரட்டுவார்.

ஒருமுறை மின்சாரம் இல்லாத ஒரு மத்தியானத்தில் அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊரார் நிலத்தில் நடவு நட்டும் அறுத்தும் பிழைத்த குடும்பம் அவருடையது. "பொழுது சாயற வரிக்கும் வேலன்னு சொல்வாங்களாம். ஆனா பொழுது சாஞ்சிடிச்சின்னு எங்கம்மா சொல்ல முடியாது ண்ணா. வரப்புல குடை புடிச்சி நிக்கறவரு சொல்லணும். சூரியன் பூட்ருக்கும், இருட்டிகினு வரும், அவரு வாயத் தொறந்தாத்தான் பொழுது சாஞ்சதா அர்த்தம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிலமெல்லாம் இப்போது பிளாட். அவர் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பூந்தமல்லிப் பக்கமும் கம்பெனிக்குப் போகிறார்கள். குடை பிடித்தவர் இல்லை. ஆனால் அவருடைய பழக்கம் ஊரில் இருந்தது. அது எங்கே ஒளிந்திருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் செல்வியின் கல்யாண வரவேற்பு. பத்திரிகை அடித்தவன் நான்தான்: 'மாலை சரியாக 6.00 மணி.' என் அப்பாவுக்குப் பிறந்தவன் அல்லவா, ஐந்து ஐம்பதுக்கே மண்டப வாசலில் நின்றேன். நாற்காலிகள் இன்னும் அடுக்கிலேயே இருந்தன. பூக்காரர் ஏணி மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பனியனோடு வந்து "யாரு நைனா நீ, லைட்டு செட்டா?" என்று என்னைக் கேட்டார். கன்னியம்மா ஓடி வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பத்திரிகையில போட்ட டைம்முக்கு வந்த மொத ஆளு நீதான் ண்ணா! எங்க பரம்பரையிலயே ஒர்த்தன் வந்ததில்ல!" ஒரு நாற்காலியை உருவிப் போட்டு என்னை உட்கார வைத்தார். இரண்டு மணி நேரம் நான் ஒருவன், எதிரில் காலி மேடை.

எட்டு மணிக்கு மேல்தான் கூட்டம் வந்தது. கம்பெனி பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஓவர்டைம் முடித்து, பஸ் பிடித்து, முகம் கழுவி வந்த முகங்கள். கடைசிப் பஸ்ஸில் வருகிறவர் வரும்வரை மணமக்களை மேடையிலிருந்து இறங்கவிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப எட்டுன்னே போட்டிருக்கலாமே, எதுக்கு ஆறு?" என்று கேட்டேன். "ஆறுன்னு போட்டாத்தான் ண்ணா எட்டுக்கு வருவாங்க. எட்டுன்னு போட்டா, டைம்முக்கு ஆரம்பிச்சி நம்மள உட்டுட்டுச் சாப்ட்டுடுவாங்களோன்னு வராமயே பூடுவாங்க." அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "நம்ம சனம் வரணும்னு நாங்க காத்துகினு கீறோம். அது வேற ண்ணா. எவனோ நம்மள நிக்க வெக்கறது வேற." இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது என் ஐம்பது வயதுவரை எனக்கு உறைக்கவில்லை. தாமதம் என்ற ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டு மூடி வைத்திருந்தேன்.

இப்போது நோட்டீசு.

ஏரிக்கு அந்தப் பக்கம் என்று சொன்னேனே, அந்த ஊர் அம்மன் கோயில் ஆடித் திருவிழா நோட்டீசு வருடா வருடம் என் கடையில்தான் அடிப்பார்கள். அதில் கரகம் வீதி உலா வரும் நேரம் தெருவாரியாக இருக்கும். காலை ஒன்பது மணி மேட்டுத் தெரு. பத்து மணி பிள்ளையார் கோயில் தெரு. பதினோரு மணி பெரிய தெரு. அதற்குக் கீழே, மணி போட வேண்டிய இடத்தில் ஒரு சொல்: 'பின்னர்.' அதற்கு எதிரில் 'காலனி.' காலனி என்பது கன்னியம்மாவின் தெரு.

பதினைந்து வருடத்துக்கு மேல் அதை நான் கம்போஸ் செய்திருக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் கன்னியம்மா அதை மடித்திருக்கிறார். காலனியில் பெண்கள் விடியற்காலையிலிருந்து விரதம் இருப்பார்கள். மஞ்சள் தண்ணீர்க் குடமும் வேப்பிலையுமாக வாசலில் நிற்பார்கள். கரகத்துக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பிய பிறகுதான் கூழ் ஊற்ற வேண்டும், அதைக் குடித்துத்தான் விரதம் விடவேண்டும். கரகம் மூன்று மணிக்கும் வரும், ஐந்து மணிக்கும் வரும். பெரிய தெருவில் சாப்பாடு, மோர், சிறு தூக்கம் எல்லாம் முடித்துத்தான் வரும். ஒரு வருடம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது கன்னியம்மாவின் தங்கை மயங்கி விழுந்தார். ஏழு மாதக் கர்ப்பம். குழந்தை தங்கவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. செல்விதான் பிறகு சொன்னாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலை. மிஷினிலிருந்து இறங்கிய நோட்டீசுக் கட்டை மேசையில் வைத்தேன். ஒன்றை எடுத்தார். மடிக்கவில்லை. ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"பின்னர்னா எத்தினி மணி ண்ணா?"

"எனக்கென்னம்மா தெரியும்? எழுதிக் கொடுத்ததைத்தான் போட்டேன்."

"எழுதிக் குடுத்தவருக்கு எங்க தெருவு தெரியாது. ஒனக்கு என்னியத் தெரியும்ல? இத்தினி வருசமா டைப் அடிக்கிறியே, ஒரு நாளு ஒரு வார்த்த கேட்டியா, எத்தினி மணின்னு?"

மணி மணி என்று உயிரை விடுகிறவன் நான். ஒன்பதரைக்கு வந்ததற்காக அவரை இரண்டு பேர் முன்னால் கத்தியவன். அந்த வரியில் மணி இல்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை.

"இத நான் மடிக்க மாட்டேன்" என்றார். எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? அவ்வளவு நோட்டீசையும் என் கையாலேயே மடித்துக் கட்டி, விழாக் குழுவுக்கு அனுப்பிவைத்தேன். நல்ல வாடிக்கை, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் நேராகக் கோயிலுக்குப் போயிருக்கிறார், தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு. விழாக் குழுச் செயலாளர் சிரித்தபடி, "சாமி எப்ப வரும்னு சாமிக்குத்தாம்மா தெரியும். அதுக்குப் போய் மணி கேக்கலாமா?" என்றாராம்.

"அப்ப மேட்டுத் தெருவுக்கு ஒம்போது மணிக்கு வரேன்னு சாமி உங்கிட்ட சொல்லிச்சா?" என்று கேட்டாராம் கன்னியம்மா. அங்கே இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "சொல்லிச்சின்னா எங்க தெருவுக்கு எப்பன்னும் கேட்டுச் சொல்லு. இல்லன்னா நாங்களே ஒரு டைம்மு வெக்கிறோம். பகல் பன்னெண்டு மணி. அதுக்குள்ள வந்தா மஞ்சத்தண்ணி ஊத்துவோம். வரலன்னா கூழு குடிச்சிட்டுக் கதவச் சாத்திப்போம்."

யாரும் நம்பவில்லை. சாமி காரியத்தில் யார் கதவைச் சாத்துவார்கள்? சாத்தினார்கள். பன்னிரண்டு அடித்ததும் தெரு முழுக்கக் கூழ் ஊற்றினார்கள். தங்கள் வேப்பிலையால் தங்கள் வாசலில் தாங்களே தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். நாலு மணி சுமாருக்குக் கரகம் வந்தபோது தெருவில் ஓர் ஆள் இல்லை. மேளக்காரர்கள் வாசித்துப் பார்த்தார்கள். கரகம் தூக்கி வந்த பூசாரி நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். கன்னியம்மா மட்டும் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "அம்மா எங்க ஊட்டுக்குப் பன்னெண்டு மணிக்கே வந்துட்டுப் பூட்டா பூசாரி. நீங்கதான் லேட்டு" என்றார்.

பத்து நாளில் செல்விக்கு அம்மை போட்டது. ஊரே பேசியது, அம்மன் கோபம் என்று. காலனியிலேயே இரண்டு பேர் வந்து, "உன்னாலதான்" என்றார்கள். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மகள் வேப்பிலைப் படுக்கையில் கிடக்கிறாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "கன்னியம்மா, ஒரு தடவை கோயில்ல போய்…" என்று இழுத்தேன். "அம்மை மேட்டுத் தெருவுலயும் ரெண்டு பேருக்குப் போட்டுகீது ண்ணா" என்றார். "அங்கதான் ஒம்போது மணிக்கே போனாளே, அவங்க மேல இன்னா கோவம்?" கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் கோயிலுக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் செயலாளர் கொண்டுவந்த தாளிலும் 'பின்னர்' என்றே இருந்தது. இந்தத் தடவை கேட்டேன். "பின்னர்னா எத்தனை மணி சார்?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாளைப் பிடுங்கிக்கொண்டு பூந்தமல்லியில் வேறொரு அச்சகத்துக்குப் போய்விட்டார். மடிப்பு மேசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "கேட்டுட்டியே ண்ணா! நல்லாகீது!" அந்த வருடமும் காலனிக் கதவுகள் பன்னிரண்டுக்குச் சாத்திக்கொண்டன. காலித் தெருவில் கரகம் நிற்பது ஊருக்குத்தான் அவமானமாகிப் போனது. அதற்கடுத்த வருடம் செயலாளர் என் கடைக்கே திரும்பி வந்தார். தாளில் 'பகல் 12.00 காலனி' என்று இருந்தது. நான் அதில் 'சரியாக' என்று ஒரு சொல் சேர்த்து அடித்தேன். கன்னியம்மா புரூஃபை வாங்கி அந்தச் சொல்லுக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டார். அந்த வருடம் கரகம் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் வந்தது. "முக்கா மணி நேரம் லேட்டு! டைம்முன்னா இன்னான்னே தெரியாதா உங்க ஆளுங்களுக்கு?" என்று தெருவில் நின்று கத்தினார். அந்த வாக்கியம் எங்கிருந்து போனது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் கேட்கும்படி அதைக் கத்தியதுபோல் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் திருவிழா அன்று காலை மேட்டுத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவரை எடுக்கும்வரை கரகம் கோயிலை விட்டுக் கிளம்பவில்லை. எல்லாத் தெருவும் காத்திருந்தது, காலனி உட்பட. கன்னியம்மா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சாவுக்கு நிக்கறதுல இன்னா ண்ணா கீது? அது மனுசாளுக்குக் குடுக்கற மருவாதி" என்றார். அன்று காலனியில் கூழ் இரண்டரை மணிக்கு. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தால்தான் அந்தச் சனிக்கிழமை மாலை புரியும். மகன் ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டான், காலையில் வந்துவிடுவான், பதினோரு மணிக்கு எடுத்துவிடலாம் என்றாள் செல்வி. அவளை அனுப்பிவிட்டுப் போட்டோவை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். செயலாளர் வந்தார். நின்றபடியே பேசினார். "விசயம் கேள்விப்பட்டேன். பாவம், நல்ல மனுசி. சார், பதினோரு மணிக்குக் கரகம் பெரிய தெருவுல இருக்கும். அவங்க அந்த வழியாத்தான் சுடுகாட்டுக்குப் போவணும். சாமி எதுருல பொணம் வரக்கூடாது. நீங்க போஸ்டர்ல, கரகம் போன பின்னர்னு போட்டுடுங்க. சாயங்காலமா எடுத்துக்கட்டும். இந்த வருசம் காலனிக்குக் கரகமும் வராது, தீட்டு."

"மேட்டுத் தெருவுல பெரியவர் இறந்தப்ப கரகம்தானே சார் நின்னுச்சு?"

"அது ஊர்ச் சாவு சார். இது வேற."

ஆறு வருடத்துக்கு முன் கன்னியம்மாவிடம் நான் சொன்ன அதே வாக்கியம், நல்லவேளையாக, நாக்கில் தயாராக இருந்தது. "எழுதிக் கொடுத்ததைத்தான் சார் போடுவேன்" என்றேன்.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதைப் பாத்துத்தான் ஒரு தடவை மடிச்சுக் கொடுத்தேன். போதும். நீங்க போலாம்."

அவர் போனதும் போஸ்டரை முடித்தேன். கன்னியம்மாவின் முகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய எழுத்தில் நேரத்தைப் போட்டேன். 'காலை சரியாக 11.00 மணி.' சரியாக என்பதற்குக் கீழே இரண்டு கோடு. விடிந்ததும் நானே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டினேன். ரயில்வே கேட்டில், பஸ் ஸ்டாப்பில், பெரிய தெரு முனையில், கோயில் எதிரில் இருக்கும் மின்கம்பத்தில். பசை அவர் கடைசியாகக் காய்ச்சி வைத்ததுதான்.

ஞாயிறு காலை மகன் வந்து சேர்ந்தான். பதினோரு மணிக்குத் தூக்கினார்கள். ஒரு நிமிடம் முன்பின் இல்லை, என் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். காலனி மொத்தமும் பின்னால் நடந்தது. கம்பெனியில் ஞாயிறு ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள், குவார்ட்டர்ஸிலிருந்து என் பழைய வாடிக்கையாளர்கள், டீக்கடைக்காரர். பெரிய தெரு முனைக்கு வரும்போது எதிரில் மேளச் சத்தம். கரகம். செயலாளர் கையை விரித்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தார். "நிறுத்துங்க! பாடையத் திருப்புங்க!" எங்கள் பறை நின்றது. செல்வி பாடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "எங்கம்மா திரும்பமாட்டாங்க" என்றாள். யாரும் அசையவில்லை. நானும் போய் செல்வி பக்கத்தில் நின்றேன்.

பூசாரி அசைந்தார். தலையில் கரகத்தோடு மெதுவாக ஒதுங்கி, ரோட்டோர வேப்பமர நிழலுக்குப் போனார். துண்டை வாங்கிக் கரகத்தை மூடினார்.

"போவட்டும்" என்றார். "அந்தம்மா டைம்முக்கு வந்துகீது. நாம நிப்போம்."

பறை மறுபடி தொடங்கியது. கன்னியம்மா பெரிய தெரு வழியாகப் போனார், அவசரமில்லாமல். கடைசி ஆள் தாண்டும்வரை கரகம் நின்றது. மேட்டுத் தெரு நின்றது. செயலாளரும் நின்றார், வேறென்ன செய்வார்?

அழுதுகொண்டு நடந்த எங்களில் யாரோ ஒரு பெண் "மணி இன்னா?" என்று கேட்டார். பதினொன்று இருபது என்றேன். "ரெண்டு டீ ஆவல, பெரிய தெருவ முடிச்சிட்டா பாரு" என்றார் அந்தப் பெண். காலனியில் எல்லோருமே அப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேசையும் ஸ்கேலும் கடையில் இருக்கின்றன. சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடம் பின்னால் தள்ளி, சரியான நேரத்துக்கு வைத்துவிட்டேன். இரண்டு கோடு போட்ட அந்தப் பழைய புரூஃபைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவை எதுவும் இல்லை. ஒரு கேள்விதான் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்காரர் வந்தார். அவர்கள் ஆண்டு விழாவுக்கு நோட்டீசு. விருந்து: ஏ பிளாக் பன்னிரண்டு மணி, பி பிளாக் ஒரு மணி. அதற்குக் கீழே: 'பின்னர், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள்.'

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். "பின்னர்னா எத்தனை மணி?" என்றேன்.

அவர் குழம்பிப்போய், "ஒரு வார்த்தைதானே சார், அப்படியே போட்டுடுங்க" என்றார்.

"ஒரு வார்த்தைதான். எத்தனை மணி?"